டிவி பார்த்து டொச் வருமா?

ஜேர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "டிவியைப் போட்டு விடுங்கோ, டொச் (ஜேர்மன் மொழி) தானா வரும்" என்பதுதான். தானாக வராது. புதிதாக வந்தவர்களுக்கான அரச வகுப்பான இன்டெக்ராசியோன்ஸ்கூர்ஸ் மொழிக்கு 600 பாடவேளையும் நாட்டறிமுகத்துக்கு 100 பாடவேளையும் தருகிறது, பாடவேளை ஒன்று 45 நிமிடம். பலருக்கு வீட்டில் திரைக்கு முன்னால் போகும் நேரம் இதைவிட அதிகம். அதில் எவ்வளவு தேறும் என்பது பார்க்கும் விதத்தைப் பொறுத்தது.

முதல் சிக்கல், டிவி சுலபமானது என்ற நினைப்பு. உளவியலாளர் கவ்ரியேல் சாலமன் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குத் திரையிலும் சிலருக்கு அச்சிலும் கொடுத்தார். திரையில் பார்த்தவர்கள் குறைவாகவே முயன்றார்கள், கற்றதும் குறைவு. சமையலறையில் நாள் முழுக்க ஓடும் டொச் வானொலியும் அப்படித்தான். கவனம் கறியில் இருந்தால் காதில் விழுவது வெறும் இரைச்சல்.

இரண்டாவது, திரையின் கீழே ஓடும் எழுத்து (சப்டைட்டில்). ஹொல்லாந்து மாணவர்களுக்கு ஸ்கொட்லாந்து, அவுஸ்திரேலிய ஆங்கிலக் காட்சிகளைக் காட்டிய ஓர் ஆய்வு 2009இல் வந்தது. ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபட்டது. தாய்மொழியான டச்சு எழுத்தோடு பார்த்தவர்கள், புதிய வசனங்களைக் கேட்டபோது, எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களை விடப் பின்தங்கினார்கள். கண் பொருளைத் தந்துவிட்டால் காது வேலை செய்யாது. 'டெர் ட்ஸூக் ஃபெல்ட் ஹொய்ட்ட அவுஸ்', இன்றைக்கு ரயில் இல்லை. இதில் முழுப்பொருளும் கடைசி 'அவுஸ்'இல் தொங்குகிறது. ஆங்கில எழுத்தை வாசித்தபடி பார்ப்பவருக்கு அந்த 'அவுஸ்' காதில் ஏறாது. பிறகு ரயில் மேடையில் அறிவிப்பு வரும்போது நின்றுகொண்டே இருப்பார்.

ஆகவே டொச்சுக்கு டொச் எழுத்துத்தான். தொலைக்காட்சிகளின் இணையத் தளமான மெடியாதெக்கில் 'உ.டே.' (UT) என்ற பொத்தான் இருக்கும். சாதாரண டிவியில், ரிமோட்டால் திறக்கும் வீடியோடெக்ஸ்ட் பக்கங்களில் 150 ஆர்டே (ARD) அலைவரிசைக்கு, 777 ட்ஸெட்டேஎஃப் (ZDF) அலைவரிசைக்கு. ஒரு நிகழ்ச்சி முழுவதையும் எடுக்காதீர்கள், 90 வினாடித் துண்டு போதும். முதல் தடவை எழுத்து இல்லாமல் கேட்டு, பிடிபட்ட சொற்களை மட்டும் குறியுங்கள். இரண்டாம் தடவை டொச் எழுத்தோடு பார்த்து, விடுபட்டவை எங்கே ஒளிந்திருந்தன என்று பாருங்கள். அனேகமாகத் தெரியாத சொல்லாக இருக்காது. தெரிந்த சொல் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிப் போயிருக்கும். மூன்றாம் தடவை எழுத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். மறுநாள் காலை, திரும்பப் பார்க்காமல், அந்தச் செய்தியை இரண்டு வசனத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லாரும் தவறவிடும் படி இதுதான். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் 2006இல் காட்டியதும் இதையே. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்தால் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்கள் முந்துகிறார்கள். திரும்பப் பார்க்கும்போது வரும் 'எனக்கு விளங்குது' என்ற உணர்வை நம்ப வேண்டாம்.

எதைப் பார்ப்பது? பிள்ளைகள் அலைவரிசையான கீகாவில் வரும் பிள்ளைகளுக்கான செய்தி 'லோகோ' நல்லது. டொய்ச்ச வெல்ல ஒலிபரப்பின் மெதுவாக வாசிக்கும் செய்தி எழுத்துப் பிரதியோடு கிடைக்கும். 2024 ஜூனிலிருந்து ஆர்டேயின் செய்தியான டாகெஸ்ஷௌவும் எளிய மொழியில் வருகிறது. 1971இலிருந்து ஓடும் 'மவுஸ்' நிகழ்ச்சியைச் சின்னப்பிள்ளை விசயம் என்று ஒதுக்க வேண்டாம். அதில் குரல் எதைச் சொல்கிறதோ அதைத்தான் படமும் காட்டும். புதிய சொல் பொருளோடு சேர்ந்தே வரும். ஞாயிறு வரும் துப்பறியும் தொடர் 'டாட்டோர்ட்' முதல் வருடத்துக்கு வேண்டாம்: முணுமுணுப்பு, வட்டார வழக்கு, போதாததற்குக் கொலை.

கிடைத்ததைச் சேமிக்க, எழுத்தாளர் செபாஸ்தியான் லைட்னர் 1970களில் பரப்பிய, சொல் அட்டைகளைப் பிரித்து வைக்கும் பெட்டி இன்றைக்கும் பழுதில்லை. ஐந்து தட்டுகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தட்டுக்கு, பிழையாகச் சொன்னது எந்தத் தட்டிலிருந்தாலும் முதலாவதுக்கு. பின்தட்டுகளை இடைவெளி விட்டுத்தான் எடுப்பது. தனிச்சொல்லாக எழுதாமல் கேட்ட வசனத்தையே எழுதுங்கள், பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர்-டி-டாஸும் கூடவே வரும். ஒரு நாளைக்குப் புதிதாகப் பத்து அட்டைக்கு மேல் போட்டால் இரண்டு வாரத்தில் பெட்டி நிரம்பிக் கைவிடுவீர்கள்.

நாட்டறிமுக வகுப்பின் முடிவில் வரும் 'லேபன் இன் டொய்ச்லான்ட்' பரீட்சை வேறு கதை. அதன் 310 கேள்விகளை ஃபோன் செயலியில் தட்டித் தட்டிப் பார்த்தால் விடையின் உருவமே பழகிவிடும். பரீட்சையில் கேட்பது 33 கேள்விதான், குடியுரிமைக்கு அதில் 17 சரியாக வந்தால் போதும் என்பதால் அதற்கு அந்தப் பழக்கம் போதும். அதை மொழியறிவு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கைக்குழந்தைக்குத் திரையால் டொச் பழக்கலாம் என்ற எண்ணமும் உண்டு. குழந்தைகளின் மொழிக் கற்றலை ஆராயும் பட்ரீசியா கூல் 2003இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் பார்த்தது: நேரில் சீன மொழி பேசி விளையாடியபோது அதன் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன, அதையே வீடியோவில் காட்டியபோது கற்கவில்லை. கீட்டாவில் (பாலர் பராமரிப்பு நிலையம்) இடம் கிடைக்கும்வரை வீட்டில் நல்ல தமிழ் கதையுங்கள்.

டிவி கைகொடுக்காத இடம் தொலைபேசி. அங்கே முகம் தெரியாது, எழுத்து இல்லை, தென்மேற்கில் ஸ்வாபியப் பக்கமென்றால் உச்சரிப்பும் மாறும். இதற்கு உங்கள் மாநில வானொலியில் நேயர்கள் அழைத்துக் கதைக்கும் பகுதியைக் கேளுங்கள். எண்களைத் தனியாகப் பழகுங்கள்: 27 என்பதை 'ஏழும் இருபதும்' என்றுதான் சொல்வார்கள், ஏழு கேட்டவுடன் பேனாவைத் தாளில் வைத்தால் 72 ஆகிவிடும். இரண்டையும் கேட்டு முடித்துவிட்டு எழுதுங்கள்.