தெரிவுத்திறன் சீக்கிரம் கிடைத்தது, சமநிலைதான் வழிவிடவில்லை: ஒரு கைரல் அமீனைச் செய்து முடித்த அனுபவம்

ரிவாஸ்டிக்மின் என்பது அல்சைமர் நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்து. அதில் நைட்ரஜனைத் தாங்கும் கார்பன் கைரல். வலக்கை, இடக்கை போல இரு வடிவங்கள் உண்டு. மருந்தாக வேலை செய்வது ‘எஸ்’ வடிவம். ஹைதராபாத்தில் மருந்து மூலப்பொருள் ஆய்வகம் ஒன்றில் நான் இருந்தபோது, அந்த மருந்துக்கு இட்டுச்செல்லும் 1-(3-மெத்தாக்ஸிஃபீனைல்)எத்திலமீன் என்ற அமீனை (நைட்ரஜன் உள்ள காரச் சேர்மம்) ‘எஸ்’ வடிவத்தில் மட்டும் செய்யும் வேலை எங்களிடம் வந்தது. தொடக்கப் பொருள் 3-மெத்தாக்ஸிஅசிட்டோபீனோன். எளிதில் கிடைக்கிற கீட்டோன்தான் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்போனைல் தொகுதியின் இரு பக்கமும் கார்பன் உள்ள சேர்மம்).

பழைய வழி எல்லோருக்கும் தெரியும். இரு வடிவமும் கலந்த ரேசமிக் அமீனைச் செய்து, டார்டாரிக் அமிலம் போன்ற கைரல் அமிலத்தோடு சேர்த்து, ஒரு வடிவத்தின் உப்பை மட்டும் படிகமாக்குவது. ஆலையில் நம்பிச் செய்யலாம். ஆனால் வேண்டாத வடிவத்தை மறுபடி ரேசமிக் ஆக்கிச் சுழற்சியில் விடாவிட்டால் விளைச்சல் 50 சதவீதத்தைத் தாண்ட வழியில்லை. பாதிப் பொருளைச் செய்து கழிவில் கொட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவே இல்லை.

கைரலான ஒரு கந்தகத் துணைப்பொருளைக் கீட்டோனோடு இணைத்து, ஒடுக்கி, பிறகு கழற்றும் எல்மன் சல்ஃபினமைடு முறையையும் செய்து பார்த்தோம். சில கிராம் வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் சொல்வேன், அவ்வளவு நம்பகமானது. ஆனால் அது வினையூக்க முறை அல்ல. ஒவ்வொரு மோல் அமீனுக்கும் ஒரு மோல் கைரல் துணைப்பொருள் போகிறது. டைட்டானியம் எத்தாக்சைடைத் தண்ணீர் விட்டு முறித்ததும் வருகிற வெள்ளைக் கூழ் வடிதாளை அடைத்துக்கொள்ளும். கிலோ அளவில் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உலோக வினையூக்கியில் ஹைட்ரஜன் ஏற்றும் வழியில் எனக்கு ஆசை அதிகம். காரணம் மெட்டோலாக்குளோர் என்ற களைக்கொல்லி. 1996-இல் சுவிஸ் நிறுவனமான சீபா-கெய்கி இரிடியமும் கைரல் பாஸ்பீனும் கொண்டு இமீனை (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) ஒடுக்கி அதை ஆலை அளவில் செய்யத் தொடங்கியது. பிறகு ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் போனது. அங்கே ஈஈ (ஒரு கைவடிவம் மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்பதன் அளவு) சுமார் 80 சதவீதம், அதாவது 90-க்கு 10 என்ற கலவை. களைக்கொல்லிக்கு அது போதும். மருந்துக்குப் போதாது. மேலும் எங்களுக்கு வேண்டியது முதல்நிலை அமீன் (நைட்ரஜனில் ஒரே ஒரு கார்பன் இணைந்தது). அதற்கான இமீன் நிலையாக நிற்காது, எனவே நைட்ரஜனில் ஒரு காப்புத் தொகுதியை மாட்டிப் பின்னால் கழற்ற வேண்டும். அந்த இமீனுக்கும் ஈ, இசட் என்று இரு வடிவங்கள். ஒவ்வொன்றும் எதிரெதிர்க் கைவடிவத்துக்கு இழுக்கலாம். விளைந்த அமீனே உலோகத்தைப் பற்றிக்கொண்டு வினையூக்கியை மந்தமாக்கவும் செய்யும். இரண்டு கூடுதல் படிகளைச் சுமக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மிஞ்சியது டிரான்ஸ்அமினேஸ் நொதி. பி6 வைட்டமினின் வடிவமான பைரிடாக்சல் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டு, ஒரு அமீனிலிருந்து நைட்ரஜனை எடுத்து நம் கீட்டோனில் வைக்கும். 96 குழித் தட்டில் நொதிகளைச் சோதித்தபோது, ‘எஸ்’ வகை நொதிகள் பலவும் ஆரம்பத்திலேயே 99 சதவீதத்துக்கு மேல் ஈஈ தந்தன. குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வேலை முடிந்த மாதிரி பேச்சும் எழுந்தது.

உண்மையான சிக்கல் கன்வெர்ஷனில், அதாவது கீட்டோனில் எவ்வளவு அமீனாக மாறுகிறது என்பதில் இருந்தது. வினை மீளக்கூடியது. பென்சீன் வளையத்தோடு இணைந்த கீட்டோன் தானாகவே நிலையானது என்பதால், சமநிலை கீட்டோன் பக்கமே சாய்ந்திருக்கும். அலனினை நைட்ரஜன் கொடையாளியாகப் போட்டால் விளையும் பைருவேட்டை வேறு நொதிகளால் அகற்ற வேண்டும். அதற்குக் குளுக்கோஸ், அதிலிருந்து வரும் குளுக்கோனிக் அமிலத்தைச் சமன்செய்யக் காரம் என்று பட்டியல் நீளும். ஐசோபுரோப்பைலமீனைத் தேர்ந்தோம். அது நைட்ரஜனைக் கொடுத்ததும் அசிட்டோன் ஆகிவிடும். அந்த அசிட்டோனை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் சமநிலை நம் பக்கம் வரும்.

இங்கேதான் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போனது. அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரி, ஐசோபுரோப்பைலமீனுடையது 32 டிகிரியை ஒட்டி. ஒன்றை விரட்டினால் மற்றதும் கிளம்பிவிடும். பிஎச் 8.5 வாக்கில் அந்த அமீனில் பெரும்பகுதி புரோட்டான் ஏற்று உப்பாக இருப்பதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், பிஎச் இறங்கும், நொதி தளரும். பிஎச் மானியோடு இணைத்த பம்பு வழியாக ஐசோபுரோப்பைலமீன் கரைசலையே சொட்டவிட்டபோது வினை சீராக ஓடியது. நைட்ரஜன் வாயுவைக் கரைசலுக்குள் குமிழியாக விட்டால் புரதம் நுரைத்துப் பொங்கும். கரைசலின் மேற்பரப்பில் வீசவிட்டு, லேசான வெற்றிடம் கொடுப்பதே சரி. கீட்டோன் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் கொஞ்சம் வேண்டியிருந்தது.

வொர்க்கப்பில், அதாவது வினை முடிந்து பொருளைப் பிரித்தெடுக்கும்போது, புரதம் பால்மம் கட்டும். முதலில் அமிலமாக்கி, வடிகட்டி உதவிப்பொடி வழியாக வடித்து, மிஞ்சிய கீட்டோனைக் கரைப்பானில் எடுத்துவிட வேண்டும். பிறகு பிஎச் 12-க்கு ஏற்றினால் அமீன் கரைப்பானுக்கு வரும். கூட வரும் ஐசோபுரோப்பைலமீன் ஆவியாக்கும்போது போய்விடும். விளைந்த அமீனைத் திறந்து வைக்கக் கூடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வெள்ளைத் திடமாகப் படியும். உடனே ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கிவிடுங்கள்.

அளவிடுவது பற்றியும் ஒன்று. இரு வடிவங்களையும் பிரித்து அளக்கும் கைரல் எச்பிஎல்சி (திரவ நிறப்பிரிகை) கருவியில் ரேசமிக் மாதிரியை முதலில் ஓட்டி, இரு உச்சங்களும் பிரிவதைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஈஈ எண்ணையும் நம்பாதீர்கள். தனி அமீன் கைரல் எச்பிஎல்சி நிரலில் வால் நீட்டும். நகரும் கரைப்பானில் டைஎத்திலமீன் சிறிது சேர்த்தால் உச்சம் கூர்மையாகும்.

எல்லா கீட்டோனுக்கும் இந்த வழி பொருந்தாது. கார்போனைலின் ஒரு பக்கம் மெத்தில் போலச் சிறியதாக இருந்தால்தான் இயற்கை டிரான்ஸ்அமினேஸ்கள் எளிதில் ஏற்கும். சிட்டாகிளிப்டின் என்ற நீரிழிவு மருந்துக்கு மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்கள் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட நொதி, தொடக்க வடிவில் அந்தக் கீட்டோனைத் தொடவே இல்லை. 27 மாற்றங்களுக்குப் பிறகுதான் லிட்டருக்கு 200 கிராம் கீட்டோனை, 99.95 சதவீதத்துக்கு மேல் ஈஈயோடு மாற்றியது. இரு பக்கமும் பருத்த கீட்டோன் கையில் இருந்து, நொதியை வளர்த்தெடுக்க ஆளும் காலமும் இல்லையென்றால், உலோக வழியையே முதலில் பாருங்கள். இரண்டாம்நிலை அமீன் (நைட்ரஜனில் இரு கார்பன்கள் இணைந்தது) வேண்டுமென்றால் இமீன் ரிடக்டேஸ் நொதிகளையும் சேர்த்துச் சோதியுங்கள்.