இயந்திரமே இதயமான 26 நிமிடங்கள்

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் டீக்கடையில் ஓர் அண்ணாச்சி, சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைப் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

கழுத்துக்குழியிலிருந்து மேல்வயிறு வரை ஒரே கோடு.

“இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் அறுத்தார்கள்” என்றார் பெருமையாக.

“அப்போது இரத்தத்தை யார் ஓட்டியது, தாத்தா?”

அண்ணாச்சி டீயை உறிஞ்சினார்.

அந்தக் கேள்வியோடுதான் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் இருபது ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டினார். மனைவி மேரியும் கூடவே நின்றார். உடம்புக்கு வெளியே நின்று இரத்தத்தை ஓட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து, முதலில் பூனைகளில் சோதித்தார்கள். 1953 மே 6, ஃபிலடெல்பியா. 18 வயதுப் பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தபோது, 26 நிமிடங்கள் இயந்திரமே அவளுக்கு இதயமும் நுரையீரலும்.

அடுத்து அதே இயந்திரத்தோடு அறுவை செய்த குழந்தைகள் பிழைக்கவில்லை. கிப்பன் இதய அறுவையையே விட்டுவிட்டார். தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1955இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் கிர்க்லின், அதே இயந்திரத்தைத் திருத்தி வேலையைத் தொடர்ந்தார்.