சிரைகளைப் பார்க்கத் தவறிய அறிக்கை

மூளையின் எம்ஆர்ஐ படங்களை வாசித்து அறிக்கை எழுதுவது என் தொழில். பயிற்சிக் காலத்திலிருந்தே தமனிகளை முதலில் பார்த்துப் பழகியவன் நான். சிரைகளைப் பார்க்க நேரம் மிஞ்சினால் பார்ப்பதுண்டு. அந்தப் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதை ஓர் இளம்பெண்ணின் படங்கள் எனக்குக் காட்டின.

பல வாரங்களாகத் தலைவலி, குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகள் பார்வை மங்குதல், இதயத் துடிப்போடு ஒத்திசைந்து காதுக்குள் இரைச்சல் ஆகியவை அவருடைய தொல்லைகள். கட்டியோ இரத்தக்கசிவோ இல்லை, மூளையின் நீரறைகளும் விரியவில்லை என்பதால், 'இயல்பான மூளை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து நரம்பியல் மருத்துவர் அழைத்தார். கண்ணின் உட்புறத்தில் பார்வை நரம்பின் முகப்பு வீங்கியிருப்பதாகவும், மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்த நீரின் அழுத்தம், முதுகில் ஊசியிட்டு அளந்தபோது, 38 சென்டிமீட்டர் இருந்ததாகவும் சொன்னார். பெரியவர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே அது மிகை. "சிரைகளைப் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் இந்த நீர் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர்தான். ஆனால் ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500 மில்லிலிட்டர். சுரக்கும் நீரில் ஒரு பகுதி நரம்புகளை ஒட்டி நிணநீர்ப் பாதைகளுக்குச் செல்கிறது என்றாலும், பெரும்பங்கு மண்டையோட்டின் உட்புறம் ஓடும் பெருஞ்சிரைகளுக்குள் வடிகிறது என்பதே நாங்கள் படித்த பாடம். அதைத் தள்ளிவிடத் தனி விசை எதுவும் இல்லை. நீரின் அழுத்தம் சிரையின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதால் மட்டுமே அது வடிகிறது. ஆகவே சிரையில் அழுத்தம் ஏறினால், நீரின் அழுத்தமும் அதற்கு மேலே ஏறினால்தான் வடிகால் தொடரும். கழுத்துச் சிரைகளை அழுத்தினால் முதுகுத்தண்டு நீரின் அழுத்தம் உடனே உயர்வதை ஜெர்மன் மருத்துவர் குவெக்கன்ஸ்டெட் 1916-இலேயே விவரித்திருக்கிறார்.

நீர் தேங்கினால் நீரறைகள் விரிந்தாக வேண்டும் என்ற என் எண்ணமும் இங்கே பொருந்தவில்லை. அழுத்தம் மூளைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒருசேர உயரும்போது, மூடிய மண்டையோட்டில் அறைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எலும்புகள் இன்னும் இணையாத கைக்குழந்தையிலோ அதே சிரைத்தடை தலையையும் நீரறைகளையும் பெரிதாக்கக்கூடும்.

அடுத்து எடுத்த சிரைப் படத்தில் இரத்த உறைகட்டி இல்லை. ஆனால் பக்கவாட்டுப் பெருஞ்சிரைகள் இரண்டும் குறுகியிருந்தன. குறுகலால் நீரழுத்தம் ஏறியதா, ஏறிய நீரழுத்தம் வெளியிலிருந்து சிரையை நெரித்ததா? மற்றொரு முறை நீரை வடித்த பின் எடுத்த படத்தில் ஒரு பக்கம் சற்று விரிந்திருந்தது. அதாவது, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாக இருந்திருக்க வேண்டும். சிரையை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை உள்ளே பொருத்துவதைத் தள்ளிவைத்து, நீர் சுரப்பைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையையும் எடைக் குறைப்பையும் மருத்துவர் முதலில் தேர்ந்தார். பார்வையைத் தொடர்ந்து அளந்து வந்தார்கள்.

பிறகு முதல் நாள் படங்களைத் திரும்பத் திறந்தேன். பிட்யூட்டரி சுரப்பி தன் குழியில் தட்டையாக அமுங்கியிருந்தது. பார்வை நரம்பைச் சுற்றிய உறையில் நீர் அகன்று நின்றது. கண்விழியின் பின்புறம் சற்றே தட்டையாகியிருந்தது. நீரழுத்தம் ஏறியதைக் காட்டும் இந்த மூன்று அடையாளங்களும் அன்றே என் திரையில் இருந்தவை. திருத்திய அறிக்கையில் அவற்றை முதல் வரியில் எழுதினேன்.