ஜேம்ஸ் கெயர்ட் மாதிரிப் படகு: மேல்தட்டு வரை வந்தாயிற்று

அண்டார்க்டிகா பயணத் தலைவர் ஷாக்கில்டனின் ஜேம்ஸ் கெயர்ட் படகை 1:20 அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். அசல் படகு 22.5 அடி நீளம். என்னுடையது 34 செ.மீ. சொச்சம். மேல்தட்டு வரை முடித்து, தண்ணீரில் விட்டும் பார்த்தாயிற்று.

முன்கதை தெரியாதவர்களுக்காக: அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் 1915 நவம்பரில் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடல் பனியில் நசுங்கி மூழ்கியது. 28 பேரும் 3 படகுகளில் எலிஃபன்ட் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே எந்தக் கப்பலும் வரப்போவதில்லை. 1916 ஏப்ரல் 24 அன்று 6 பேர் உதவி தேடி ஜேம்ஸ் கெயர்டில் கிளம்பி, சுமார் 800 மைல் கடந்து, மே 10 அன்று தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினார்கள். ஷாக்கில்டனையும் வழிகண்ட வொர்ஸ்லியையும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் இந்த வேலையை எடுத்ததே தச்சர் ஹாரி மெக்நிஷுக்காகத்தான்.

அது திறந்த படகு. பனிமேல் முகாமிட்டிருந்தபோதே மெக்நிஷ் பக்கப் பலகைகளை உயர்த்திவிட்டார். தீவில் மேல்தட்டு போட அவரிடம் மரமே இல்லை. சறுக்குவண்டியின் அடிச்சட்டங்கள், பெட்டி மூடிகள், பாய்த்துணி, இவ்வளவுதான். துணி உறைந்து தகரம் மாதிரி விறைத்திருந்தது. கடல்நாய்க் கொழுப்பு எரியும் அடுப்பின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கித்தான் தைத்தார்கள். பலகை இடுக்குகளை விளக்குத்திரி, ஓவியர் மார்ஸ்டனின் எண்ணெய் வண்ணம், கடல்நாய் ரத்தம் இவற்றால் அடைத்தார்கள். வேறொரு படகின் பாய்மரத்தை உள்ளே ஏராவோடு, அதாவது படகின் அடி நடுக்கட்டையோடு, சேர்த்துக் கட்டி முதுகெலும்பைப் பலப்படுத்தினார் மெக்நிஷ்.

நானும் அதே வழியில் போனேன். பார்சல் பெட்டியின் பைன் மரத்தை மெல்லிய பட்டிகளாக இழைத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்தேன். அசலிலும் பக்கப் பலகை பைன்தான். இடுக்குகளில் பிரித்தெடுத்த விளக்குத்திரி நூலை ஊசிமுனையால் திணித்து, மேலே எண்ணெய் வண்ணம் தடவினேன். திரி வண்ணத்தைக் குடித்து உப்பி, இடுக்கில் இறுகிக்கொள்கிறது. ராத்திரி முழுக்க வாளியில் மிதக்கவிட்டேன், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மேல்தட்டுக்கு மெல்லிய குச்சிகளைக் குறுக்கே வைத்துப் பழைய வேட்டித் துணியை இழுத்துத் தைத்தேன். பின்பக்கம் ஆள் நிற்க மட்டும் திறப்பு.

அப்புறம் பாரம். அவர்கள் போர்வையில் தைத்த பைகளில் கல் நிரப்பி, சுமார் ஒரு டன் ஏற்றினார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 20-ல் ஒரு பங்கு என்றால் எடை 8,000-ல் ஒரு பங்கு, அதாவது 125 கிராம். சிறு கூழாங்கற்களைத் துணிப்பையில் கட்டி அடியில் வைத்தேன். பாரம் இல்லாதபோது விரல் பட்டாலே சாய்கிறது. கிளம்பும் அன்று பாரம் ஏற்றுமுன் அசல் படகும் இப்படித்தான் உருண்டு, மெக்நிஷையும் மாலுமி வின்சென்ட்டையும் கடலில் தள்ளியது. கல்லை வைத்ததும் சட்டென்று நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் நன்றாகத் தாழ்ந்துவிடுகிறது. அவ்வளவு கல் வேண்டாம் என்று வொர்ஸ்லி வாதாடியது ஏன் என்று கண்ணாலேயே தெரிகிறது.

அடுத்து மேல்தட்டில் மெழுகை உருக்கி ஊற்றினேன், வழியில் படிந்த பனிக்கட்டிக்குப் பதிலாக. மெழுகு ஏற ஏறப் படகு சாய்ந்தால் நிமிர நேரமெடுக்கிறது, கடைசியில் சாய்ந்தபடியே நிற்கிறது. நடுக்கடலில் வழுக்கும் துணிமேல் தவழ்ந்து போய்ப் பனியை வெட்டித் தள்ளியது அதனால்தான். அத்தனை ஆட்டத்தையும் அந்த ஒட்டுத்தட்டு தாங்கியிருக்கிறது.

இவ்வளவு செய்த மெக்நிஷுக்கு, துருவப் பயணிகளுக்கு பிரிட்டன் தரும் துருவப் பதக்கம் கிடைக்கவில்லை. பனிமேல் ஒருமுறை கட்டளைக்கு மறுத்தார் என்பதற்காக ஷாக்கில்டன் அவர் பெயரைப் பரிந்துரைக்கவில்லை. பெரிய அநியாயம் இது. அந்த மேல்தட்டு இல்லையென்றால் தீவில் காத்திருந்த 22 பேரையும் மீட்க யாரும் வந்திருக்க முடியாது.

இனி இரண்டு பாய்மரங்களும் மூன்று பாய்களும் பாக்கி. துணியைத் தேநீரில் நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன், நிறம் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.