ஷேவாவை வச்சுக்கிட்டு தனியா ஆடின ரெசிடென்ட் ஈவில் 5

ரெசிடென்ட் ஈவில் 5ங்கற ஹாரர் கேம் பத்தி யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், தனியா மட்டும் ஆடிடாத, கூட ஒரு ஆள் இருந்தா ஆடு இல்லன்னா விட்டுடு. சரிப்பா, ஆளுக்கு நான் எங்க போவேன்? காலேஜ்ல ஒரே ரூம்ல ரெண்டு கன்ட்ரோலரை வச்சு, ஒரே ஸ்க்ரீனை ரெண்டாப் பிரிச்சு ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்ல ஆடின பயலுக எல்லாம் இப்ப ஆளுக்கொரு ஊர்ல இருக்கானுங்க, ஒருத்தனுக்கு நைட் ஷிஃப்ட், ஒருத்தனுக்கு கைக்குழந்தை, "சண்டே கண்டிப்பா மச்சி"ன்னு குரூப்ல போடுவானுங்க, சண்டே வந்தா ப்ளூ டிக் மட்டும் விழும். அதனால தனியாவே ஆடி முடிச்சேன். முடிச்சிட்டு ஊர் சொல்றதுக்கு நேர் எதிரா தான் எனக்குத் தோணுது, இந்த கேம் தனியா ஆடினா தான் பயமா இருக்கு.

ஃப்ரெண்டு கூட ஆடும்போது பயமாவது ஒண்ணாவது. கோடாலிக்காரன் வர்றான்னு ஒருத்தன் கத்துவான், இன்னொருத்தன் அந்த நேரத்துல போய் பீப்பாயை உடைச்சு காசு பொறுக்கிட்டு இருப்பான், செத்துப் போனாலும் சிரிப்பு தான் வரும், அடுத்த பத்து நிமிஷம் யாரால செத்தோம்னு பஞ்சாயத்து ஓடும். பேய் வீட்டுக்குள்ள கூட்டமா போற மாதிரி தான் அது.

கேப்காம் கம்பெனி 2009ல இதை விட்டப்பவே இது ரெண்டு பேருக்கான கேம்னு தெளிவா தெரிஞ்சு தான் விட்டாங்க. கிறிஸ் ரெட்ஃபீல்டு, ஷேவா அலோமார், ரெண்டு பேரும் பிஎஸ்ஏஏங்கற உயிரி பயங்கரவாதத் தடுப்புப் படை ஆளுங்க, கிஜுஜுன்னு ஆப்பிரிக்காவுல ஒரு கற்பனை ஊர். முக்கால்வாசி பட்டப்பகல் வெயில், புழுதி, தகரக் கூரை. இருட்டு மாளிகை, இடி மின்னல் எல்லாம் ரொம்பக் கம்மி. (அந்த ஊர் கறுப்பின ஜனங்களை எதிரிகளா காட்டின விதம் பத்தி 2007ல முதல் ட்ரெய்லர் வந்தப்பவே பெரிய சண்டை நடந்துச்சு, அந்த விமர்சனத்துல நியாயம் இருக்குன்னு தான் நான் நினைக்கிறேன், ஆனா அதுக்கு தனியா ஒரு போஸ்ட் போடணும்.) தனியா ஆடினா முதல் தடவை நீங்க கிறிஸ் மட்டும் தான், ஷேவாவை கம்ப்யூட்டர் பாத்துக்கும். பிரச்சனையே அங்க தான் ஆரம்பிக்குது, எனக்கு இந்த கேம் பிடிச்சதுக்குக் காரணமும் அதே தான்.

ஷேவா செத்தா கேம் ஓவர். நீங்க முழு ஹெல்த்தோட சூப்பரா நின்னுட்டு இருந்தாலும் சரி, தெருவுக்கு அந்தப் பக்கம் அவ விழுந்துட்டா ஓடிப் போய் தூக்கணும், இல்லன்னா செக்பாயிண்ட்டுக்குத் திரும்பிப் போ. இதுல இன்னொரு கூத்து, குறி பாக்கும்போது நடக்க முடியாது, நடக்கும்போது சுட முடியாது. அப்ப ஒவ்வொரு செகண்டும் ஒரு முடிவு எடுத்தாகணும், நின்னு சுடறதா இல்ல அவகிட்ட ஓடறதா. மனுஷன் கூட ஆடினா "டேய் வா டா"ன்னு ஒரு வார்த்தைல முடியுற வேலை. இங்க சொல்லவும் முடியாது, சொன்னாலும் அவளுக்கு ரெண்டே ரெண்டு ஆர்டர் தான் புரியும், ஒண்ணு கவர், ஒண்ணு அட்டாக். அட்டாக்ல போட்டா முன்னாடி பாஞ்சு போய் புல்லட்டை தண்ணியா செலவு பண்ணுவா. நாலாவது பாகத்துல நாம காப்பாத்திக் கூட்டிட்டுப் போற பொண்ணு ஆஷ்லியையாவது இங்கயே நில்லுன்னு சொல்லிட்டுப் போகலாம், குப்பைத் தொட்டிக்குள்ள ஒளிய வைக்கலாம். ஷேவாவுக்கு அதெல்லாம் கிடையாது.

அடுத்து பையில இருக்கற அந்த ஒன்பது கட்டம். ஆளுக்கு ஒன்பது, அவ்ளோ தான். முட்டையும் ஒரு கட்டம், ராக்கெட் லாஞ்சரும் ஒரு கட்டம், இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம்னு இன்னும் எனக்குப் புரியல. பழைய பாகங்கள்ல பையைத் திறந்தா உலகமே நிக்கும், நிதானமா மூலிகையைக் கலந்துட்டு வரலாம், இதுல திறந்தாலும் கேம் ஓடிட்டே இருக்கும், முதுகுல வந்து கடிப்பான். அதுக்குள்ள அவ பையை வேற பாக்கணும். கைத்துப்பாக்கி புல்லட் ஒரு கட்டத்துல அம்பது வரைக்கும் அடங்கும், அவகிட்ட ஏழு இருக்கு, என்கிட்ட நாப்பத்தஞ்சு இருக்கு, கொடுக்கவா வேணாமா, கொடுத்தா அடுத்த ரூம்லயே சுவத்தைச் சுட்டு முடிச்சிடுவா. காயத்துக்கு அடிக்கற மருந்து ஸ்ப்ரேயை அவ பையில வச்சா நமக்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலே புஸ்ஸுன்னு அடிச்சு காலி பண்ணிடுவா. பாசம் தான், இல்லைங்கல, ஆனா பாஸ் வரும்போது கையில ஒண்ணும் இருக்காது.

நான் கண்டுபிடிச்ச வழி, சாப்டர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவளுக்கு ரைஃபிளைக் கொடுத்துடுங்க. நம்மள விட நல்லா சுடுவா, ஒவ்வொரு குண்டுக்கும் நேரம் எடுத்துக்கறதால வீணாக்கறதும் கம்மி. ஸ்ப்ரே எல்லாம் நம்ம பையில. மூலிகையை அவ பக்கத்துல நின்னு போட்டா ரெண்டு பேருக்குமே ஏறும், அதனால அவளுக்குன்னு தனியா மருந்து தேவையே இல்ல.

ஆனா எந்த வழியும் வேலைக்காகாத இடம் அஞ்சாவது சாப்டர். அங்க ரீப்பர்னு ஒண்ணு வரும், ஆள் உயரத்துக்கு கரப்பான்பூச்சி, முன்னாடி ரெண்டு கத்தி மாதிரி கை, கட்டிப் பிடிச்சா கதை முடிஞ்சுது, ஹெல்த் எவ்ளோ இருந்தாலும் ஒரே குத்து. அது ஷேவா பக்கம் திரும்பும்போது வர்ற பயம் இருக்கே, என் பக்கம் திரும்பும்போது கூட அவ்ளோ வராது. என்கிட்ட வந்தா நான் ஓடிடுவேன். அவ ஓடுவாளான்னு தெரியாது, பின்னாடி போவா, சுவத்துல முட்டி நிப்பா, அது கையை விரிக்கும், உடம்புல வெளுப்பா தெரியுற இடத்தைக் குறி பாத்து நான் சுடணும், அந்த நேரம் பாத்து ரீலோடு. ஹெட்செட்டைக் கழட்டி வச்சிட்டு தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

சுரங்கத்துலயும் இப்படித் தான். கும்மிருட்டு, ஒரே ஒரு விளக்கு, அதைத் தூக்கினவங்களால சுட முடியாது. அது ஷேவா கையில இருக்கும்போது அவ எந்தப் பக்கம் திரும்பறாளோ அந்தப் பக்கம் தான் வெளிச்சம். முன்னாடி ஏதோ உறுமுது, இவ சாவகாசமா பின்னாடி பாறையைப் பாத்துட்டு நிக்கறா. கூட ஒருத்தன் இருந்திருந்தா திட்டியிருப்பேன், திட்டினாலே பாதி பயம் போயிடும். ப்ரொஃபெஷனல்ங்கற ரொம்பக் கஷ்டமான லெவல்ல தனியா ஆடறேன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க, ஒரு அடி விழுந்தாலே அங்க உயிர் ஊசலாடும், அதுக்கு மேல எனக்கு வயசு இல்ல.

ஷேவாவை இவ்ளோ திட்டினாங்கன்னு அடுத்த பாகத்துல சரி பண்ணாங்க பாருங்க, 2012ல ஆறாவது, அங்க தான் எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு. கம்ப்யூட்டர் பார்ட்னருக்கு புல்லட் தீராது, பையைப் பாக்க வேண்டாம், சாகறது பத்தியும் கவலைப்பட வேண்டாம். கதவு வந்தா மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளுவாங்க. வசதி தான், ஆனா பக்கத்துல ஓடி வர்ற ஆளை நான் திரும்பிக் கூடப் பாக்கல, இருந்தா என்ன இல்லன்னா என்ன. டெட் ஸ்பேஸ் 3 (2013)ங்கற வேற ஒரு ஹாரர் கேம் இதுக்கு அடுத்த படி, தனியா ஆடினா பார்ட்னர் கார்வர் கூடவே வரமாட்டாரு, பனியில ஹீரோ ஐசக் ஒத்தையா அல்லாடிட்டு ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தா கதை சீன்ல மட்டும் ஜம்முனு நிப்பாரு, எந்த பஸ்ஸைப் பிடிச்சு வந்தாரோ. இத்தனைக்கும் அந்த கேம்ல இருக்கற நல்ல ஐடியாவே அவரோட சைடு மிஷன் தான், ரெண்டு பேர் சேர்ந்து ஆடற கோ-ஆப்ல கார்வரா ஆடறவனுக்கு மட்டும் ஏதேதோ மாயத் தோற்றம் தெரியும், ஐசக்கா ஆடறவனுக்கு ஒண்ணும் தெரியாது, என்னடா காத்தைப் பாத்து சுடற மாதிரி இருக்கன்னு கேப்பான். தனியா ஆடறவனுக்கு அந்த மிஷனே கிடையாது, கதவு பூட்டு.

இதெல்லாம் ஆடிட்டு 2015ல வந்த ரெசிடென்ட் ஈவில் ரெவலேஷன்ஸ் 2க்கு வந்தா, இவங்களுக்கு ஒருவழியா புரிஞ்சிடுச்சுன்னு தோணும். அங்க தனியா ஆடினா ஒரு பட்டனைத் தட்டி ரெண்டு ஆளாவும் நாமளே மாறிக்கலாம். ஒரு பக்கம் கிளேர், அவ கையில துப்பாக்கி, கூட வர்ற மொய்ரா துப்பாக்கியைத் தொடவே மாட்டா, டார்ச்சும் கடப்பாரையும் தான். இன்னொரு பக்கம் பேரி பர்ட்டன், கூட நடாலியான்னு ஒரு சின்னப் பொண்ணு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பறக்கற பூச்சி வரும், பேரிக்கு அது பக்கத்துல வந்தா பார்வை கலங்கறது மட்டும் தான் தெரியும், நடாலியாவுக்கு மட்டும் உருவமே தெரியும். நடாலியாவா மாறி எங்க இருக்குன்னு பாத்து விரலை நீட்டி, டக்குன்னு பேரியா மாறி அந்தத் திசையில சுடணும், மாறுற அந்த அரை செகண்டுல பூச்சி இடம் மாறியிருந்தா சோலி முடிஞ்சுது. கூட ஆள் இருந்தா "லெஃப்ட்ல, மேல, மேல"ன்னு ஒருத்தன் சொல்லிட்டே இருப்பான். தனியா ஆடறப்ப பாத்தவனும் நானே சுடறவனும் நானே, இருந்தும் குறி தப்புது, இப்ப யாரைத் திட்டறது?

போன வாரம் குரூப்ல அஞ்சாவது பாகத்தோட பிசி வெர்ஷன்லயும் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் 2023 அப்டேட்ல வந்துடுச்சு, ஊருக்கு வரும்போது சேர்ந்து ஆடலாம் வாங்கடான்னு போட்டேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு. நான் இப்ப ஷேவாவா ரெண்டாவது ரவுண்டு போயிட்டு இருக்கேன், கிறிஸ்ஸை கம்ப்யூட்டர் பாத்துக்குது, அவன் கையிலயும் ரைஃபிளைத் தான் கொடுத்திருக்கேன்.