20 நிமிடம்

பாம்புக்கடி என்று யாராவது வந்தால் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாமல் நிறுத்தி வைப்போம். அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். கண்ணாடி விரியன் கடியில் அப்படித்தான் ஆகும். விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். குழாயில் சோப்பு ஒட்டியிருந்தாலே முடிவு தப்பாகிவிடும்.

அன்று நைட் டூட்டி, அறுவடைக் காலம். 108 அடுத்தடுத்து வந்து நிற்கிறது. உடனே பார்க்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்பவர்களுக்கான சிவப்புப் பிரிவில் மட்டும் மூன்று பேர். நர்ஸ்கள் நாங்கள் இரண்டே பேர். வயலில் கடிபட்டு வந்தவரின் மனைவி, "என்ன சிஸ்டர் ஆச்சு?" என்று மூன்று தடவை கேட்டார். "உட்காருங்கம்மா, சொல்றோம்" என்றபடி ஓடினேன். திரும்பி வந்தால் குழாய் அவர் கையில். யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ரத்தம், மறுபடி 20 நிமிடம். நல்லவேளை, உறைந்தது. ஆனால் அந்த அம்மாவை நான் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன்.

கூட்டம் சேரும்போது ஊசி, டிரிப்ஸ், ரெஜிஸ்டர் எல்லாம் எப்படியோ நடந்துவிடுகின்றன. அவற்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டுமே! நின்று இரண்டு வார்த்தை சொல்வதற்கு எந்த ரெஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது. முதலில் விட்டுப்போவது அதுதான்.

பழியை முழுக்க வேலைப்பளு மேல் போடவும் மனசு வரவில்லை. நாலே நோயாளிகள் இருந்த இரவிலும் சிடுசிடுத்திருக்கிறேன். மகளின் காதுகுத்துக்குக் கேட்ட லீவு கிடைக்காத வாரம் அது. இன்னொரு நாள், மூச்சுவிட நேரமில்லாத இரவில், இன்சார்ஜ் அக்கா வந்து, "நீ போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வா, நான் பார்த்துக்கிறேன்" என்று என் படுக்கைகளை வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம்தான். அன்று விடியும்வரை யாரிடமும் என் குரல் உயரவில்லை. மே 12 செவிலியர் தினத்தில் தரும் கேடயம் இதைச் செய்ததில்லை. (என்னிடமும் ஒன்று இருக்கிறது, பெயரைத் தப்பாக அடித்து.)

இப்போதெல்லாம் குழாயை வைத்ததும் கூட வந்தவரைக் கூப்பிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "பெரிய முள்ளு எட்டுக்கு வர்ற வரைக்கும் இதை யாரும் தொடாமப் பார்த்துக்கங்க" என்கிறேன். அரை நிமிடம்கூட ஆகாது. போன வாரம் பேரனோடு வந்த தாத்தா ஒருவர், டியூட்டி டாக்டரையே குழாய்கிட்ட விடவில்லை.