பம்பர் உடைந்தால் க்ளெய்ம் போடலாமா?

சின்ன இடிதான் என்றாலும், வண்டியை நகர்த்துமுன் நம்பர் பிளேட் தெரிய நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் நம் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. முழுக் காப்பீடு என்றால் அன்றே கம்பெனிக்குச் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்குமுன் பம்பரைக் கழற்ற விடவே விடாதீர்கள். க்ளெய்ம் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தியாவில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் கவலையில்லை. 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 எப்படியும் நம் கைக்காசு. க்ளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் தள்ளுபடி அது. 3000 ரூபாய் கீறலுக்காக அதை இழக்காதீர்கள். யாருக்காவது காயம் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். போலீஸுக்கும் கம்பெனிக்கும் உடனே சொல்லுங்கள்.